அச்சில் ஒரு சத்தம்

தேர் ஏன் நடுத்தெருவில் நிற்கிறது என்றுதானே கேட்டீங்க? அச்சில் சத்தம் தம்பி. வேறொன்றும் இல்லை. ஊருக்குள் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். டீக்கடையில் கேட்டிருப்பீங்களே, என்ன சொன்னார்கள்? சிரித்தார்களா? சிரிக்கட்டும். சிரிக்கிறவன் எவனாவது ஓடுகிற சக்கரத்துக்கு முன்னால் குனிந்து கட்டை போட்டிருக்கிறானா என்று கேளுங்க. அச்சுச் சத்தம் கட்டை போடுகிறவன் காதுக்குத்தான் கேட்கும். வடம் பிடிக்கிறவனுக்கு மேளம்தான் கேட்கும்.

உட்காருங்க. வெயிலில் நிற்க வேண்டாம், இப்படி நிழலுக்கு வாங்க. இந்தக் கட்டை மேலேயே உட்காரலாம், இது உபரி. அதோ சக்கரத்துக்கு அடியில் கொடுத்திருக்கிறது பாருங்க, அதுதான் முட்டுக்கட்டை. அதை நான் எடுத்தால்தான் தேர் நகரும். வேறு யாரும் தொடக்கூடாது, எங்கள் ஊர்க் கட்டுப்பாடு அப்படி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் போட்டேன். இன்றைக்கு ஞாயிறு.

தேர் போய்ச் சேர வேண்டிய நிலை அதோ தெரிகிறது, வேப்பமரத்துக்கு அந்தப்பக்கம், தகரக் கொட்டகை. இருநூறு அடி இருக்குமா? இருக்கும். மூன்று தெரு சுற்றி வந்த தேருக்கு இருநூறு அடி ஒரு தூரமா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். தூரம் இல்லைங்க. சத்தம்.

என் பேர் சென்னியப்பன். இந்த ஊருக்குத் தண்ணி விடுகிறவன். தேருக்குப் பின்னால் நிற்கிறதே ஓவர்டேங்க், அது என் பொறுப்பு. பதினேழு வருஷமாக.

நான் குடிகாரன் இல்லைங்க. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டீக்கடையில் அந்த வார்த்தையைத்தான் சொல்லியிருப்பார்கள். குடிக்கிறவன் வேறு, குடிகாரன் வேறு. தினமும்தான், இல்லை என்று சொல்லவில்லை. ராத்திரி ஏழு மணி ஆனால் கால் பைபாஸ் கடைப் பக்கம் போகும். ஒரு குவார்ட்டர். விசேஷ நாளில் கொஞ்சம் கூட. தினமும் மூன்று வேளை சோறு தின்கிறவனைச் சோத்துக்காரன் என்றா கூப்பிடுகிறோம்? குடித்துவிட்டு யாரையும் நான் அடித்ததில்லை. தெருவில் விழுந்ததில்லை. ஒரு தடவை விழுந்தேன், அது மழை நாள். மழையில் நல்லவனும் விழுவான்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு நாள், ஒரே ஒரு நாள் இந்த ஊருக்குத் தண்ணி தாமதமாக வந்தது என்று யாரையாவது சொல்லச் சொல்லுங்க. விடியக்காலை நாலரை மணிக்கு கேட்வால்வு திறந்துவிடும். அதற்காகக் குடியரசு தினத்தன்று கிராம சபையில் எனக்குப் பொன்னாடை போட்டார்கள். தலைவர் மைக்கில் சொன்னார்: “கடியாரம் நின்னாலும் நம்ம சென்னியப்பன் நிக்க மாட்டாரு!” கைதட்டினார்கள். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரு சிரிப்பும் கேட்டது. சந்தோஷத்தில் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக் கும்பிடு போட்டேன்.

குடியை விட்டு, கையில் இந்தக் கறுப்புக் கயிறு கட்டினது வீட்டுக்காரி சொல்லி இல்லைங்க. அப்படித்தான் ஊரில் பேச்சு. அவள் சொல்லவே இல்லை. அவள் எதையும் சொல்லுகிறவள் கிடையாது, அதுதான் அவளிடம் இருக்கிற கோளாறு. சொன்னவன் ரங்கராசு. என் பங்காளி. பஞ்சர் கடை வைத்திருக்கிறான். இருபது வருஷமாக எனக்கு எதிரே உட்கார்ந்து குடித்தவன். கார்த்திகை மாசம் ஒரு ராத்திரி, சுண்டல் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே சொல்கிறான்:

“பங்காளி, நான் வேணும்னா நாளைக்கே நிறுத்திருவேன். உன்னாலதான் முடியாது.”

“எவன் சொன்னது?”

“உன் கை சொல்லுது. பாட்டலு வர்றதுக்கு முன்னால ஆடுது, வந்தப்புறம் நிக்குது. முழுசா ஒரு நாள் இருந்து காட்டு, அப்புறம் பேசு.”

மற்ற மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அப்போதே போதை இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் குளித்து, ஈர வேட்டியோடு முனியப்பன் கோயிலுக்குப் போய்விட்டேன்.

எங்கள் ஊர் முனியப்பன் கோயிலில் குடியை விடுகிறவர்களுக்குக் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். உங்கள் ஊரிலும் இருக்கலாம். இங்கே ஒரு முறை உண்டு. எத்தனை நாளைக்கு என்று சாமிக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன கெடு முடிகிற வரைக்கும் கயிற்றை அவிழ்க்கக்கூடாது, குடிக்கவும் கூடாது. குடித்தால் முனியப்பன் கேட்பார். எப்படிக் கேட்பார் என்று நான் சொல்ல மாட்டேன், உங்களுக்கு ராத்திரி தூக்கம் வராது. கெடு முடிந்ததும் பூசாரி பொங்கியண்ணன் கயிற்றை அறுத்து சூலத்தில் சுற்றிவிடுவார். அப்புறம் உங்கள் இஷ்டம்.

எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில். ஒருத்தன் நாற்பத்தெட்டு நாள் என்றான். ஒருத்தன் மூன்று மாசம் என்றான். தாடிக்காரன் ஒருத்தன் பொங்கல் வரைக்கும் என்றான், பொங்கலுக்கு மச்சான் வருகிறானாம். எல்லாம் ரேஷன் கடையில் சர்க்கரைக்கு நிற்கிற மாதிரி சின்னச் சின்னக் குரலில். எனக்குப் பிடிக்கவில்லை. ஆம்பிளை பேசுகிற பேச்சா இது?

பூசாரி என் கையைப் பிடித்தார். “எத்தன நாளு?”

“தேரு நெலை சேர்ற வரைக்கும்!” என்றேன். கோயிலே திரும்பிப் பார்த்தது.

“நாள் சொல்லு சென்னீப்பா. தேரெல்லாம் எதுக்கு இழுக்கற?”

“தேருன்னா தேருதான்.”

மனசுக்குள் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன். கார்த்திகை, மார்கழி, தை. மாசியில் தேர். மூன்றே மாசம். மூன்று மாசம் என்று சொன்னவனுக்கும் எனக்கும் நாளில் வித்தியாசம் இல்லை. ஆனால் கேட்கிறவன் காதில் எப்படி விழுந்தது பாருங்க! ரங்கராசு அன்றைக்கு முழுக்க என் கண்ணில் படவில்லை.

முதல் வாரம் பெரிதாக ஒன்றும் இல்லைங்க. கை கொஞ்சம் ஆடியது, டீக்கிளாஸ் சூடு. ராத்திரி வேர்த்தது, எங்கள் வீட்டு ஃபேன் பழசு. மூன்றாம் நாள் சுவரில் எறும்பு வரிசை வரிசையாகப் போகிற மாதிரி தெரிந்தது, பாவாத்தாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். பாவாத்தா என் வீட்டுக்காரி. அவள் சுவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஆட்டோ கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விட்டாள். அங்கே இரண்டு நாள் படுக்க வைத்து பாட்டில் ஏற்றினார்கள். பத்து நாளைக்கு மாத்திரை கொடுத்தார்கள். சத்து மாத்திரைதான். திடீரென்று நிறுத்தக்கூடாது, எங்களிடம் வந்து கேட்டுவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும் என்று அந்த டாக்டரம்மா என்னைத் திட்டினது. முனியப்பன் கோயில் வரிசையில் டாக்டர் யாரும் இல்லையே அம்மா என்றேன். சிரித்துவிட்டது.

அதற்கப்புறம்தான் வந்தது வினை. குடி இல்லாமல் படுத்தால் தூக்கம் பாதியில் கலைந்துவிடுகிறது, தம்பி. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, விடியக்காலை நாலு மணி இருக்கும், கண் விழித்துக் கிடக்கிறேன். சாவிக்கொத்துச் சத்தம். ஆணியிலிருந்து யாரோ எடுக்கிறார்கள். திருடன் என்று நினைத்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் பாவாத்தா. டார்ச்சை எடுத்தாள், மூலையில் சாத்தியிருந்த வால்வு சாவியைத் தோளில் வைத்தாள். கடப்பாரை கனம் இருக்கும் அது. கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போகிறாள்.

பின்னாலேயே போனேன். இதே டேங்க்தான். குழிக்குள் சாவியை இறக்கி, இரண்டு காலையும் அகட்டி ஊன்றி, திருகுகிறாள். பதினெட்டுச் சுற்று. எண்ணித் திருகுகிறாள். பழகின கை. புதுசாகச் செய்கிறவளுக்கு அந்த வால்வு அசையாது, ஆறாம் சுற்றில் ஒரு முரண்டு பிடிக்கும், அங்கே கொஞ்சம் பின்னால் விட்டுத் திருக வேண்டும். அவள் விட்டுத் திருகினாள்.

“எத்தன நாளா நடக்குது இது?” என்றேன்.

பதினெட்டும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். “நீங்க விழுந்து தலையில தையல் போட்ட வருசத்துல இருந்துங்க.”

மழை நாளில் விழுந்தேன் என்றேனே, அந்த வருஷம். ஆறு வருஷம், தம்பி!

“எங்கிட்ட ஏன் சொல்லல?”

“எதைச் சொல்றது? தண்ணி வந்துதுல்ல?”

அவ்வளவுதான் சொன்னாள். தெருக்குழாயில் குடம் வைத்துக்கொண்டு நின்ற பெண்கள் பார்த்துவிட்டார்கள். “ஏனக்கா, இன்னைக்கு மாமனையும் தொணைக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது!” என்று ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். கிராம சபையில் கேட்ட அதே சிரிப்பு. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்கே தெரியும். எனக்கு ஒருத்தனுக்குத்தான் தெரியாது.

நீங்க கேட்பீங்க, திறக்காமல் திறந்ததாக எப்படி நினைத்தேன் என்று. எனக்கு நன்றாக ஞாபகம் இருந்ததுங்க, தினமும் எழுந்து போய்த் திறந்துவிட்டு வந்து மறுபடி படுப்பதாக. குளிர், டார்ச் வெளிச்சம், இரும்பு கையில் சில்லென்று படுகிறது, எல்லாம் ஞாபகம் இருந்தது. காலையில் ஏழு மணிக்குப் போய் மூடுவேன். மூடப் போனால் திறந்திருக்கும். திறந்திருந்தால் திறந்தது நான்தானே?

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. குடிக்காதே என்று சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். இது என்ன செய்கை? என் வேலையை என் கையிலிருந்து எடுத்து, என் பேரிலேயே செய்து, எனக்குப் பொன்னாடையும் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். அன்றைக்கே வால்வு சாவியை என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டேன். பொன்னாடை இப்போது கிரைண்டரை மூடிக் கிடக்கிறது. அன்றிலிருந்து ஒரு நாள் விடாமல் நான்தான் திறக்கிறேன். இந்தத் தடவை நிஜமாகவே நான்தான். குழாயடியில் யாரையும் கேட்டுப் பாருங்க.

சரி, தேருக்கு வருகிறேன்.

தை மாசக் கடைசியில் தேரைச் சோதிக்க அதிகாரிகள் வந்தார்கள். சுத்தியலால் அச்சைத் தட்டினார்கள், டொக்கு டொக்கு என்று வந்தது. உள்ளே கறையான். இந்த அச்சில் தேர் ஓட்டக்கூடாது, புது அச்சும் புதுச் சக்கரமும் போட்டால்தான் அனுமதி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். சரியான காரியம்தான், ஆள் செத்தால் யார் பொறுப்பு? ஆனால் என் கதி? தேர் இல்லை என்றால் கெடு இல்லை. மூன்று மாசம் என்று சொன்னவன் மூன்று மாசத்தில் கயிறு அறுத்துக்கொண்டு போய்விட்டான். பொங்கல்காரன் பொங்கலன்றைக்கே போய்விட்டான். நான் நிற்கிறேன், கையில் கயிறோடு.

ரங்கராசு விழுந்து விழுந்து சிரித்தான். “பங்காளி, நீ ஆயுசுக்கும் மாட்டிக்கிட்ட!”

பூசாரி நல்ல மனுஷர். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “சென்னீப்பா, தேரு நின்னது உன்ற தப்பில்ல. பூ வெச்சுக் கேட்டுப் பாக்கலாம். சாமி உத்தரவு குடுத்தா அறுத்துறலாம்.”

“நான் பூவுன்னா சொன்னேன்? தேருன்னு சொன்னேன்.”

“அட, பிடிவாதத்துக்கு ஒரு அளவு இல்லையாப்பா?”

இல்லைங்க. பூ கேட்டு அறுத்திருந்தால் ரங்கராசு ஊர் முழுக்க என்ன சொல்வான்? முடியாமல் பூவைக் காட்டித் தப்பித்தான் என்பான். தேர் ஓடினால்தானே குடிக்கலாம்? அப்படியென்றால் தேரை ஓட வைக்கிறேன். அதுதான் என் முடிவு.

தர்மகர்த்தா நல்லசிவம் வீட்டுக்குத் தினமும் காலையில் போய் நின்றேன். அச்சு எப்போது, மரம் எப்போது, ஆசாரி எப்போது. மனுஷர் என்னைப் பார்த்தாலே கொல்லைப்பக்கமாகப் போய்விடுவார். நான் கொல்லைப்பக்கம் போய் நிற்பேன். மரம் எடுக்க லாரியில் கூடப் போனேன். ஏழு மணிக்குப் பைபாஸ் பக்கம் போகிற காலைத் திருப்பித் தேர்ப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். ஆசாரிகள் செதுக்கிக்கொண்டே இருப்பார்கள், நான் சிராய் பொறுக்கிக்கொண்டே இருப்பேன், ஒன்பது பத்து மணி வரைக்கும். அடுத்த மாசியிலும் வேலை முடியவில்லை. இன்னொரு வருஷம். ஊரில் என்னைப் பக்திமான் என்று நினைத்துவிட்டார்கள், தம்பி. கிழவிகள் திருநீறு கொடுக்கிறார்கள். எனக்கல்லவா தெரியும் நான் எதற்காக அங்கே கிடந்தேன் என்று!

புதுத்தேர் முடிந்தது. பழைய கட்டைக்காரருக்குக் கண் தெரியவில்லை, மகன் வீட்டுக்குப் போய்விட்டார். யாரைப் போடுவது என்று கோயிலில் கூட்டம். கட்டை போடுவது லேசுப்பட்ட வேலை இல்லைங்க. தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் கட்டைதான். சக்கரம் வர வர முன்னால் கொடுத்து உடனே கையை இழுக்க வேண்டும். ஒரு விரற்கடை தப்பினால் கை இருக்காது. நல்லசிவம் எழுந்து சொன்னார்: “மத்தியானம் மூணு மணிக்கு நெதானமா நிக்கற ஆம்பள இந்த ஊருல சென்னியப்பன் ஒருத்தன்தான். எல்லாப் பக்கமும் பாத்தாச்சு.” அப்படித்தான் வந்தது இந்தப் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வடம் பிடித்தோம். கிழக்குத் தெரு, தெற்குத் தெரு, மேற்குத் தெரு, ஒரு குறை சொல்ல முடியாது. முக்கில் திருப்பினேன் பாருங்க, பூசாரியே மேலேயிருந்து கும்பிட்டார். வடக்குத் தெருவுக்குள் வந்தாயிற்று. நிலை தெரிகிறது. நிலைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ரங்கராசு நிற்கிறான். கையில் மஞ்சள் துணிப்பை. பையில் என்ன என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்துப் பையைத் தூக்கி ஆட்டினான். சிரித்தான். கெட்டவன் இல்லைங்க, சந்தோஷமாகத்தான் சிரித்தான். இரண்டு வருஷம் மூன்று மாசமாக எதிரே ஆளில்லாமல் குடித்திருக்கிறான் பாவம்.

அப்போதுதான் அச்சில் சத்தம் கேட்டது.

கிறீச்சென்று. ஒரே ஒரு தடவை. நான் கட்டையைக் கொடுத்துவிட்டேன். தேர் நின்றது. வடம் பிடித்தவர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தார்கள்.

“என்னப்பா?”

“அச்சுல சத்தம்.”

ஆசாரி வந்து படுத்துப் பார்த்தார். தட்டினார். கண்டாமணி மாதிரி கணீரென்று வந்தது. “ஒண்ணுமில்லையேங்க” என்றார். “எனக்குக் கேட்டுது” என்றேன். “வேற யாருக்குக் கேட்டுது?” என்றார் நல்லசிவம். யாருக்கும் கேட்கவில்லை. யாருக்கும் கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்று ஆகிவிடுமா?

சனிக்கிழமை இழுக்கலாம் என்றார்கள். தெரு முழுக்க ஈரம். ஈரத்தில் கட்டை வழுக்கும், நான் போட மாட்டேன் என்றேன்.

“மழையே இல்லையே, ஈரம் எப்பிடி வந்துது?”

“வடக்குத் தெருவுக்குச் சனிக்கிழமை தண்ணி விடற முறைங்க. குழாயில கசிவு.”

“யாரு தண்ணி விட்டது?”

“நான்தானுங்க. முறைன்னா முறைதானே?”

நல்லசிவம் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

இன்றைக்கு ஞாயிறு. காப்புக் கட்டின ஊர் இது, தேர் நிலை சேருகிற வரைக்கும் எந்த வீட்டிலும் கறி ஆக்கக்கூடாது. வெள்ளி, சனி பொறுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கறி இல்லை என்றதும் ஊர் திரும்பிவிட்டது. காலையில் இந்த வழியாகப் போன ஒவ்வொருத்தனும் என்னை ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனான். கோழிக்கடைக்காரர் மட்டும் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். “அண்ணா, நாப்பது கோழி கூண்டுல நிக்குது, என்னைப் பாத்து நாயம் கேக்குது.” மூன்று நாளாக நான் வீட்டுக்குப் போகவில்லை. கட்டைக்குப் பக்கத்திலேயேதான் படுக்கை. வால்வைத் திறக்க மட்டும் டேங்க் பக்கம் எழுந்து போவேன், திறந்துவிட்டுத் திரும்பிவிடுவேன்.

எட்டு மணிக்குப் பாவாத்தா இட்லி கொண்டுவந்தாள். சாப்பிட்டு முடித்தேன். கை கழுவச் செம்பைச் சாய்த்துக்கொண்டே கேட்டாள், மெதுவாகத்தான்:

“பயமா இருக்குதுங்களா?”

“யாருக்குப் பயம்? எதுக்குப் பயம்?” என்று கத்திவிட்டேன். தேர் மேல் உட்கார்ந்திருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டன.

அவள் அசையவில்லை. “பூசாரிகிட்டச் சொன்னா அதை அறுக்கறப்பவே இன்னொரு கயிறு கட்டிருவாரு. கேட்டுட்டு வந்துட்டேன்.”

“வேண்டாம்.”

“சரிங்க.”

“ஏன் வேண்டாம்னு கேக்க மாட்டியா?”

“சொல்லுங்க.”

அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன், நீங்க வெளியூர். போன மாசம் ஒரு நாள் வால்வு திறக்கக் கிளம்பினவன் டார்ச்சை மறந்துவிட்டேன். பாதி வழியில் திரும்பி வந்து கதவைத் திறந்தால், இருட்டில் பாவாத்தா கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். காலில் செருப்பு. மடியில் டார்ச். “என்ன?” என்றேன். “ஒண்ணுமில்ல, தண்ணிச் சத்தம் கேட்டதும் படுத்துக்குவேன்” என்றாள். எங்கள் வாசல் குழாயை மூடாமல் விட்டிருப்பாள், தண்ணி வருகிறபோது அது காற்றைத் துப்பும். அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிற்று நான் திறக்க ஆரம்பித்து. ஒரு நாள் தவறினேனா? இன்னும் செருப்பு! எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க.

இரண்டு வருஷம் மூன்று மாசம் குடிக்காமல் இருந்தது யார்? ஊரைக் கேட்டால் முனியப்பன் என்கிறது. ரங்கராசைக் கேட்டால் கயிறு என்கிறான். அவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள், செருப்பைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துகொள்வாள். இன்னொரு கயிறு கட்டினால் இன்னும் இரண்டு வருஷம் அதையேதான் சொல்வார்கள். கயிறு இல்லாத கையோடு ஒரு நாள் இருந்தால்தானே தெரியும், யார் என்று? எனக்கும் தெரிய வேண்டாமா?

அதற்கும் தேர் நிற்பதற்கும் சம்பந்தம் இல்லைங்க. அது அச்சு.

அவள் பாத்திரத்தை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும்போதே நல்லசிவம் ஐந்தாறு பேரோடு வந்துவிட்டார். கட்டையை நீ எடுக்கிறாயா, நாங்கள் எடுக்கட்டுமா என்று. ஒருத்தன் குனிந்தேவிட்டான். நான் எழுந்திருப்பதற்குள் பாவாத்தா போய்ச் சக்கரத்துக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

“அவரு காதுல கேட்டுதுன்னா கேட்டதுதானுங்க. சாயங்காலம் நாலு மணி வரைக்கும் பாக்கட்டும். நாலு மணிக்கு அவரே எடுத்துருவாரு.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“எடுத்துருவாருங்க.”

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். என்னைக் கேட்காமல் என் பேரில் வாக்குக் கொடுக்க இவள் யார்? இருபத்தாறு வருஷமாக எதையும் சொல்லாதவள், சொன்னால் இப்படி நடுத்தெருவில் சொல்கிறாள்! கோபம் கோபமாக வருகிறது. காலையிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மணி என்ன தம்பி? மூன்றே முக்காலா? அதான் மேளக்காரர்கள் வருகிறார்கள்.

எடுக்கத்தான் போகிறேன். அவள் சொன்னதற்காக இல்லை. தெருவும் காய்ந்துவிட்டது, அச்சும் மூன்று நாள் ஆறிவிட்டது, இனிமேல் சத்தம் வராது. நாலு மணிக்கு எடுத்தால் நாலரைக்கு நிலை. தீபாராதனை முடிந்து ஐந்தரைக்குக் கயிறு அறுத்துவிடுவார் பொங்கியண்ணன். அப்புறம் என்னை எந்தச் சாமியும் கேட்க முடியாது, எந்த ஆசாமியும் கேட்க முடியாது. குடிப்பேன், குடிக்காமல் இருப்பேன், அது என் இஷ்டம். ரங்கராசு வேப்பமரத்தடியிலேயே நிற்கட்டும். முழுசாக ஒரு நாள் இருந்து காட்டு என்றான் இல்லையா, கயிறு இல்லாமல் இருந்து காட்டுகிறேன். எனக்கென்ன பயம்?

நீங்க எந்த பஸ்ஸுக்குப் போறீங்க? ஐந்தே முக்காலா? அது நெரிசல் தம்பி, நிற்கக்கூட இடம் இருக்காது. கடைசி பஸ் பத்தேகாலுக்கு இருக்கிறது. உட்கார்ந்தே போகலாம். எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, நானே கொண்டுவந்து ஏற்றிவிடுகிறேன். பைபாஸ் கடையைப் பத்து மணிக்குச் சாத்திவிடுவார்கள்.

இல்லை, சும்மா. பேசிக்கொண்டிருக்கலாமே என்றுதான்.